பூட்டி வைக்க வேண்டிய புட்டி



ஆரணியிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இரு வாரங்களாக என் மேசை மீது கிடக்கிறது. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். வழக்கமாக இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் மாமியார் மருமகள் பிணக்கு, பிள்ளைகளின் பிடிவாதம், சீட்டுக் கடன் என்பவை பற்றியனவாக இருக்கும். அவற்றிற்கு விடை எழுத ஒரு மாலைப் பொழுது போதும். இக்கடிதத்திற்கு அவ்விதம் விடை எழுத என்னால் இயலவில்லை.

அத்தாயின் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். வீட்டின் பின்கட்டிலேயே அடுப்பும் சாயத்தொட்டியும் இருக்கின்றன. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞன் சில மாதங்களாக அவளைப் பின்தொடர்ந்து வருகிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. சென்ற மாதம் ஒருநாள் அவன் வழிமறித்து, "இந்த முகம் எப்போதும் இப்படியே இருக்குமென்று நினைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனானாம். மகள் இதைத் தாயிடம் மட்டும் சொன்னாள். தந்தைக்கு இன்றுவரை தெரியாது.

"அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனேன். தொட்டிக்கு அருகில் அந்தத் திராவகப் புட்டி இருந்தது. இருபது ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போகிறேன். அன்றுதான் முதன்முதலாக அதைக் கண்டு நடுங்கினேன்" என்று அத்தாய் எழுதுகிறார். அவர் கேட்பவை இரண்டு கேள்விகள். சோறு போடும் தொழிலுக்கு வேண்டிய பொருளையே வெறுத்து ஒதுக்க வேண்டுமா? மகளின் படிப்பை நிறுத்தி, விரைவில் ஓர் இடம் பார்த்து மணம் முடித்துவிடலாமா?

முதற் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஆரணி என்றால் பட்டு. ஆரணியிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு சேலை தறிக்கு ஏறுமுன் நூல் படும் பாடு தெரியும். கச்சாப் பட்டின் மீதுள்ள கோந்து நீங்க அதனைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்ச வேண்டும். பிறகு கொதிக்கும் சாயநீரில் தோய்க்க வேண்டும். அச்சாயம் நூலைப் பற்றிக்கொள்வதற்கு அமிலம் வேண்டும். பெரும்பாலும் அது அசிட்டிக் அமிலமாக இருக்கும். இறுதியாக மெல்லிய அமில நீரில் ஒருமுறை அலசி எடுத்தால்தான் பட்டுக்கே உரிய மினுமினுப்பும், கைக்குள் பிடித்தால் எழும் அந்தச் சரசரப்பும் கிட்டும். நம் வீட்டுப் பெண்கள் திருமணத்தன்று உடுத்தும் சேலையில், நாம் அறியாமலே, திராவகத்தின் வேலையும் இருக்கிறது.

அதுமட்டுமன்று. பொற்கொல்லர் தங்கத்தின் மாற்றைக் காண நைட்ரிக் அமிலம் வைத்திருப்பார். பழைய ஜரிகையிலிருந்து வெள்ளியையும் பொன்னையும் பிரித்தெடுப்போருக்கும் அதுவே துணை. மின்கல அடுக்கு பழுதுபார்ப்பவரிடம் கந்தக அமிலம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மூன்றும். நம் கழிவறை மூலையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆகவே, திராவகத்தையே நாட்டை விட்டு விரட்டிவிட வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், தாம் உடுத்திய ஆடை எவ்விதம் நிறம் பெற்றதென்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொழில் குற்றமுடையதன்று, சகோதரி. ஆனால், தொழிலுக்குரிய பொருள் தொழில் செய்பவரின் கையில் மட்டும் இருக்கிறதா என்பதே கேள்வி.

என் தெருவில் வாரந்தோறும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் "ஆசிட்டு, பினாயிலே!" என்று கூவிக்கொண்டு வருகிறார். நல்ல மனிதர், வெயிலில் உழைத்துப் பிழைப்பவர். சென்ற வாரம் வேண்டுமென்றே அவரை நிறுத்தி ஒரு புட்டி கேட்டேன். பழைய குளிர்பானப் புட்டி ஒன்றில் ஊற்றி, கந்தல் துணியால் துடைத்துக் கொடுத்தார். என் பெயரைக் கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுச் சிறுவனை அனுப்பியிருந்தாலும் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை அவரிடம் சென்று சொன்னவர் எவருமில்லை. நானும் அதுவரை சொன்னதில்லை.

அச்சட்டம் எவ்விதம் வந்ததென்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பெண்களைப் போன்றவர்களே.

2012-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 14. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றிய 23 வயதுப் பெண் பொறியாளர் ஒருவர், பண்டிகைக்கு ஊர் வந்துவிட்டு இரவில் காரைக்காலிலிருந்து சென்னைக்குத் திரும்பப் புறப்பட்டார். திருமணத்திற்கு அவர் இசையவில்லை என்ற ஆத்திரத்தில் ஒருவன் அவர் முகத்தில் திராவகத்தை ஊற்றினான். அவருக்குப் பார்வை போயிற்று. மூன்று மாதங்கள் சென்னை மருத்துவமனையில் போராடி, 2013 பிப்ரவரி 12 அன்று உயிர் நீத்தார். எளிய குடும்பம், மகளின் படிப்பே அவர்கள் தேடி வைத்த சொத்து. குற்றவாளிக்கு அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவ்வாண்டு சனவரி இறுதியில் சென்னை ஆதம்பாக்கத்தில் கணினி மையமொன்றில் வேலை பார்த்த மற்றோர் இளம்பெண்ணுக்கும் இதே கொடுமை நேர்ந்தது. அவரும் பிப்ரவரி முடிவதற்குள் இறந்து போனார். ஒரே மாதத்தில் தமிழகம் இரு மகள்களைப் பறிகொடுத்தது.

அதிகாரம் உள்ளவரையும் இது விட்டுவைத்ததில்லை. 1992-இல் சென்னையில், அரசின் உயர் பதவியிலிருந்த இந்திய ஆட்சிப் பணி அதிகாரி சந்திரலேகாவின் மீதே பட்டப்பகலில் திராவகம் வீசப்பட்டதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எழுந்த பரபரப்பு அரசியல் பரபரப்பாகவே முடிந்தது. கடையில் அப்பொருளை எவன் வாங்கினான், எவர் விற்றார் என்பதைப் பற்றி அன்று எவரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அக்கேள்வியை நாட்டின் முன் வைத்தவர் டில்லியைச் சேர்ந்த லட்சுமி அகர்வால். 2005-ஆம் ஆண்டு, அவருக்குப் பதினைந்து வயதானபோது, மணம் செய்ய மறுத்ததற்காக டில்லிக் கடைத்தெருவில் அவர் மீது திராவகம் வீசப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தேவகோட்டையைச் சேர்ந்த நீதியரசர் ஏ. ஆர். லட்சுமணன் தலைமையிலிருந்த சட்ட ஆணையமும், இக்குற்றத்திற்குத் தனிப் பிரிவு வேண்டுமெனத் தன் 226-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் உறங்கிற்று. டில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த பெருங்கொடுமைக்குப் பின்னரே, 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 326 அ, 326 ஆ என்ற பிரிவுகள் சேர்ந்தன. திராவகத்தால் ஊறு விளைவிப்பவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரையிலும் நீளலாம். வீச முயன்றாலே ஐந்து முதல் ஏழாண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 124-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளன.

லட்சுமியின் வழக்கில் 2013 சூலை 18 அன்று நீதியரசர்கள் ஆர். எம். லோதா, ஃபக்கீர் முகமது இப்ராகிம் கலிஃபுல்லா ஆகியோர் பிறப்பித்த ஆணையை ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். திராவகம் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவை அதில் ஏற வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, எதற்காக வாங்குகிறார் என்பதைக் கூறினாலன்றி விற்கலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது. கையிருப்பை உட்கோட்ட நிர்வாகத்துறை நடுவருக்கு, அதாவது நம் பக்கத்தில் கோட்டாட்சியருக்கு, அறிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றிலும் திராவகத்திற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பயன்பாட்டுக் கணக்கு எழுதப்பட வேண்டும்.

நம் கல்வி நிலையங்களை நடத்தும் அருட்சகோதரிகளும் தலைமையாசிரியர்களும் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். ஆய்வுக்கூடத்து அலமாரியின் சாவி எவரிடம் இருக்கிறது? கணக்கேட்டில் கடைசியாக எழுதிய தேதி எது?

ஆணை இருந்தும் வண்டிக்காரர் என்னிடம் பெயர் கேட்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதுவேதான் நம் நாட்டின் நிலை. சாயப்பட்டறைக்காரர் ஒரே கடையில் ஆண்டுக்கணக்காக வாங்குபவர். அவரிடம் அட்டை கேட்கக் கடைக்காரருக்குக் கூச்சம். சில்லறையாகப் புட்டியில் வாங்குபவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆபத்து அந்தச் சில்லறைப் புட்டியில்தான் இருக்கிறது. இப்போது புதியதொரு வாசலும் திறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் டில்லியில் பதினேழு வயதுப் பள்ளி மாணவியின் மீது வீசப்பட்ட திராவகம், இணைய வழி அங்காடியில் வாங்கப்பட்டதென்று காவல்துறை கூறியது. கடைக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது! இந்திய நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 200 திராவக வீச்சுகள் பதிவாகின்றன. பதிவாகாதவை வேறு.

கட்டுப்பாட்டினால் பயனில்லை என்று சலித்துக்கொள்வோருக்கு வங்கதேசத்தைக் காட்டலாம். அங்கும் சாயத் தொழில் உண்டு, நகைத் தொழில் உண்டு, ஏழ்மையும் உண்டு. 2002-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்நூறு திராவக வீச்சுகள் அந்நாட்டில் நிகழ்ந்தன. அதே ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று குற்றத்தைத் தண்டிப்பது; மற்றொன்று திராவகத்தை இறக்குமதி செய்ய, எடுத்துச் செல்ல, சேர்த்து வைக்க, விற்க உரிமம் கட்டாயமாக்குவது. அதற்கு முன்பே, 1999-இல், பாதிக்கப்பட்டோருக்கென ஓர் அறநிறுவனம் டாக்காவில் தோன்றி, மருத்துவம் முதல் வழக்கு வரை உடன் நின்றது. பத்தாண்டுகளில் எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கிற்று. முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆயினும் நானூறு குடும்பங்கள் ஒவ்வோராண்டும் தப்பின என்றால் அது சிறு காரியமா?

இனி, எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியதொன்று. சாயப்பட்டறையில் கை தவறினாலும், கயவன் வீசினாலும் முதலில் வேண்டியது தண்ணீர். குடம் குடமாக, குழாயடியில் நிறுத்தி, தூய நீரை அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் தலையைச் சாய்த்து, மறு கண்ணுக்குள் அந்நீர் ஓடாதபடி கழுவ வேண்டும். திராவகம் நனைந்த உடையையும் நகையையும் உடனே அகற்ற வேண்டும். உயிருக்கு முன் நாணம் பார்க்கலாகாது, மற்றவர்கள் ஒரு போர்வையைப் பிடித்து மறைத்துக்கொள்ளட்டும். தேய்க்கக் கூடாது. எண்ணெய், மஞ்சள், மாவு, பற்பசை எதுவும் பூசலாகாது. அமிலத்தை முறிப்பதாக எண்ணிச் சோடா உப்பைக் கொட்டுவதும் தீங்கே. சிலர் பதற்றத்தில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். வழியெல்லாம் திராவகம் தோலைத் தின்றுகொண்டே போகிறது. 108-க்கு ஒருவர் அழைக்கட்டும். மற்றவர் தண்ணீரை நிறுத்தாதிருக்கட்டும்.

மருத்துவமனை எதுவாயினும், தனியார் மருத்துவமனையேயாயினும், திராவகத்தால் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்க வேண்டும். "முன்பணம் கட்டுங்கள்", "காவல்துறைச் சீட்டு எங்கே" என்று திருப்பி அனுப்புவது குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரலில் இதை மேலும் தெளிவாக்கியது. மருந்து, உணவு, படுக்கை, சீரமைப்பு அறுவை ஆகிய யாவும் இலவசம் என்றும், முதலில் பார்க்கும் மருத்துவமனை அவர் திராவகத்தால் பாதிக்கப்பட்டவரெனச் சான்று அளிக்க வேண்டும் என்றும் கூறியது. அச்சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் ஒவ்வொரு படிக்கட்டிலும் அதைக் கேட்பார்கள்.

படிக்கட்டுகள் என்று சொன்னேன். எத்தனை என்று நினைக்கிறீர்கள்? உடலின் ஒரு பகுதியிலிருந்து தோலை எடுத்து முகத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய தோல் சுருங்கும். கழுத்து தாழும், இமை மூடாது, உதடு இழுக்கும். மறுபடியும் அறுவை. இறுக்கமான உறையை மாதக்கணக்கில் முகத்தில் அணிந்திருக்க வேண்டும். வெயில் ஆகாது, அடுப்பு வெப்பம் ஆகாது. இது ஆண்டுக்கணக்கான வேலை. கூலிக்குப் போகும் தாய் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு உடன் வர வேண்டும்.

இதற்கென இழப்பீடு உண்டு. 2013-இன் ஆணைப்படி குறைந்தது 3 இலட்சம் ரூபாய். அதில் ஓர் இலட்சம் பதினைந்து நாட்களுக்குள். பீகாரில் திராவகத்துக்கு இரையான இரு சகோதரிகளின் வழக்கில், 2015 டிசம்பரில், மூன்று இலட்சம் என்பது அடித்தளமேயன்றிக் கூரையன்று என்று உச்ச நீதிமன்றம் விளக்கி, ஒருவருக்குப் பத்து இலட்சம் வழங்கச் செய்தது. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம், முகம் சிதைந்தவர்களுக்கு 7 முதல் 8 இலட்சம் வரை வகுத்துள்ளது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் காசு தர வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், அரசு வேலையில் ஒதுக்கீடு கோரவும் உரிமையுண்டு. இவற்றை அறியாமல் நிலத்தை விற்றவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் பணத்தால் தீராத சிறு சிறு வாசல்கள் பல. வங்கிக் கணக்கு தொடங்கச் சென்ற ஒரு பெண்ணிடம், கருவியின் முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொன்னார்கள். உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய அப்படி ஒரு முறை. திராவகத்தால் இமை சிதைந்தவர் எவ்விதம் சிமிட்டுவார்? பெங்களூரில் பாதிக்கப்பட்டோருக்காக நிறுவனம் நடத்தும் பிரக்யா பிரசூன் என்னும் அப்பெண் வழக்குத் தொடர்ந்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதியரசர்கள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர், இத்தகையோருக்கு மாற்று வழி வைத்தே ஆக வேண்டும் என்று இருபது கட்டளைகள் பிறப்பித்தனர். கண் சிமிட்டுவதற்காக ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

ஆக்ராவில், தாஜ்மகாலைக் காண வருவோர் அமர்ந்து தேநீர் அருந்தும் ஒரு சிற்றுண்டிச் சாலை உண்டு. 2014-இல் தொடங்கிய அதனை நடத்துபவர்கள் திராவகத்திற்குத் தப்பிப் பிழைத்த பெண்களே. முகத்தை மூடாமல் பரிமாறுகிறார்கள். இச்செய்தியைப் படித்தபோது எனக்கு நம் கோவில் முற்றங்கள் நினைவுக்கு வந்தன. திருப்பலி முடிந்து வெளிவருகையில் இத்தகைய முகமுடைய ஒரு பெண் எதிர்ப்பட்டால் நாம் எங்கே பார்க்கிறோம்? தரையைப் பார்க்கிறோம். குழந்தையின் கண்ணைப் பொத்துகிறோம். "ஐயோ பாவம்" என்று அவர் காதில் விழும்படியே சொல்கிறோம். அவருக்கு வேண்டியது நம் கண்ணீரன்று, "காலை உணவு ஆயிற்றா, அக்கா?" என்ற வழக்கமான ஒரு கேள்வி. வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒருவர், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு உடன் சென்று வரிசையில் நின்றால், அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

இப்போது தங்கள் கடிதத்திற்கு வருகிறேன், சகோதரி.

புட்டியை வெறுக்க வேண்டாம், பூட்டுங்கள். மரப் பெட்டியொன்று செய்து, தரைமட்டத்தில், நீர்த்தொட்டிக்கு அருகில் வைத்து, சாவியைத் தங்கள் கணவர் இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஒருபோதும் மாற்றி ஊற்ற வேண்டாம். வாங்கிய நாள், அளவு, செலவான அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தங்கள் தெருவில் சாயம் தோய்ப்போர் நால்வர் சேர்ந்து கடைக்காரரிடம் சென்று, "எங்களிடமும் அட்டை கேளுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள்" என்று சொன்னால், அவருடைய கூச்சம் போய்விடும். பிறகு முன்பின் தெரியாத இளைஞன் ஒரு புட்டி கேட்டு வரும்போது, "எதற்குத் தம்பி?" என்று கேட்கும் துணிவும் அவருக்கு வரும்.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். அவர் கோபத்தில் மகள் மீது பாய்வாரோ என்று அஞ்சுகிறீர்கள். கோபம் வரலாம். ஆனால் இச்சுமையைத் தாயும் மகளும் மட்டும் சுமப்பது தகாது. மூவருமாக அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்குச் சென்று எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்தொடர்வது இன்று தனிக் குற்றம். நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. அவன் சொன்ன சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். நாள், நேரம், அருகிலிருந்தவர் யாவரையும் குறிப்பிடுங்கள். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எந்நேரமும் கிடைக்கும். கல்லூரி முதல்வரும் அறிந்திருக்கட்டும். "வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர் கெடும்" என்று உறவினர் சொல்வார்கள். மறைவுதான் அவனுக்கு வசதி. அவன் பெயர் நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால் அவ்வசதி போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. குற்றம் செய்யத் துணிந்தவன் தெருவில் உலவ, குற்றமற்றவளை வீட்டுக்குள் பூட்டுவது எந்த நீதி? அச்சத்தில் அவசரமாகப் பார்க்கும் இடம் எத்தகைய இடமாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சில வாரங்களுக்குத் தந்தையோ அண்டை வீட்டாரோ பேருந்து வரை உடன் செல்லட்டும். தோழியருடன் சேர்ந்து திரும்பட்டும்.

மூன்றாம் பருவக் கட்டணத்தை இன்னும் கட்டவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் எழுத்து தெரிகிறது. கடைசி நாள் எதுவென்று கேட்டு, அதற்கு முன் கட்டிவிடுங்கள்.